மழை பார்க்காத மீன்கள்

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போன முதல் நாள் காலையில்தான் மீன்கள் பேசத் தொடங்கின என்று அலையாத்திக்குப்பத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், அந்த வருஷம் காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடித்தது என்று சொல்வதைவிடக் கூடுதலாக ஒரு வியப்பும் அவர்கள் குரலில் இருக்காது.

முதலில் கேட்டது கலியமூர்த்தியின் படகில். வலையை இழுத்து மேலே தூக்கி, அடிக்கயிற்றை அவிழ்த்து, மீனைத் தளத்தில் கொட்டியபோது, கை நீள வஞ்சிரம் ஒன்று பலகையில் வாலை அடித்துக்கொண்டே, சளி பிடித்த ஆள் பேசுவதுபோலத் தாழ்ந்த குரலில், "மூணு மழை பார்த்தேன்" என்றது. கலியமூர்த்தி வீலைப் பிடித்தபடி திரும்பாமலே, "யார்ரா அது, வேலை நேரத்துல மழையப் பத்தி?" என்று அதட்டினான். யாரும் பதில் சொல்வதற்குள் பக்கத்தில் கிடந்த சங்கரா "ரெண்டு மழை பார்த்தேன்" என்றது, அதற்கடுத்த கிழங்கான் "ஒரு மழை பார்த்தேன்" என்றது, பிறகு அவற்றுக்கெல்லாம் அடியில் குவிந்து கிடந்த, விரல் நீளம்கூட இல்லாத குஞ்சுகள் முழுவதும், ஒன்று ஆரம்பிக்க ஒன்று தொடர்ந்து, "மழை பார்க்கல, மழை பார்க்கல, மழை பார்க்கல" என்று சொல்லத் தொடங்க, தகரக் கூரையில் தூறல் விழுவதுபோல அது படகு முழுக்கப் பரவியது. ஆட்களில் ஒருவன் மழைதான் வந்துவிட்டதோ என்று வானத்தை நிமிர்ந்து பார்த்தான். ஒவ்வொரு மீனும் ஒரே ஒரு தடவைதான் சொன்னது. சொல்லி முடித்ததும் எப்போதும்போல வாயைத் திறந்து திறந்து மூடிச் செத்துப்போனது.

துறைமுகத்துக்குத் திரும்பிய படகுக்காரர்கள் எல்லோரும் கேட்டிருந்தார்கள், ஆனால் பைத்தியம் என்று பேர் வாங்கப் பயந்து யாரும் முதலில் வாயைத் திறக்கவில்லை. ஏலம் விடும் செல்லக்கிளிதான், கலியமூர்த்தியின் மனைவி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "என்ன, எல்லாரும் பேயறஞ்ச மாதிரி வர்றீங்க? கடல்ல பொணம் கிணம் பாத்தீங்களா?" என்று கேட்டாள். அந்நேரம் கரைக்கு வந்த சின்ன ஃபைபர் படகிலிருந்து ஒருவன் வலையில் துடித்துக்கொண்டிருந்த வஞ்சிரத்தைப் பிய்த்தெடுத்து அவள் காலடியில் போட, அது "ரெண்டு மழை பார்த்தேன்" என்றது. செல்லக்கிளி தலையைச் சாய்த்து அதைக் கேட்டாள். சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, வாங்க வந்து நின்ற கூட்டத்தைப் பார்த்து, "ரெண்டு மழை பாத்த வஞ்சிரம், ரெண்டு மழை பாத்த வஞ்சிரம், யாரு கேக்குறது?" என்று ஏலத்தை ஆரம்பித்தாள்.

அப்படித்தான் ஊர் அதை எடுத்துக்கொண்டது. கோயிலில் மாரியம்மனிடம் பூக்கட்டிப் பார்த்தார்கள், வெள்ளைப்பூ வந்தது, கெட்டது ஒன்றுமில்லை என்று போய்விட்டார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் வயது கேட்டால் எட்டு மழை, பத்து மழை என்று பதில் சொன்னார்கள். பெண் பார்க்க வந்த தரகர், "பொண்ணு இருபத்தி ரெண்டு மழ பாத்துருக்குங்க" என்று சொன்னபோது மாப்பிள்ளை வீட்டார் யாரும் சிரிக்கவில்லை. நண்டும் இறாலும் பேசவில்லை என்பதால், அவற்றுக்குச் 'சும்மா இருக்கிற சரக்கு' என்று பெயர் வந்தது, மனசு இளகியவர்கள் அவற்றை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்கள். செல்போனில் பிடித்து உலகத்துக்குக் காட்டலாம் என்று பார்த்தவர்களுக்குத் தண்ணீர் சலசலக்கும் சத்தம் மட்டுமே பதிவானது. டவுனில் மீன் வாங்கும் ஆட்களுக்கோ எதுவும் தெரியாது, ஏனென்றால் ஐஸ் பெட்டியில் ஏறும் மீன் தன் பேச்சைக் கடலிலேயே பேசி முடித்திருந்தது.

குஞ்சு மீனின் சத்தம்தான் பழகவில்லை. வஞ்சிரம் பேசினால் பெரிய மனுஷன் பேசுவதுபோலக் கேட்டுக்கொள்ளலாம். இது அப்படி இல்லை. வலைக்கு வலை கூடை கூடையாக வரும் குஞ்சுகளைக் கழசல் என்று ஒதுக்கி, கோழித் தீவனத்துக்கு அரைக்கும் ஆலைக்கு லாரியில் ஏற்றுவதுதான் வழக்கம், அந்தக் கழசல் முழுவதும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னது. ஆட்கள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டார்கள். சில படகுகளில் ஸ்பீக்கர் கட்டிப் பாட்டுப் போட்டார்கள். வீட்டுக்கு வந்தால் குழாய் சொட்டும் சத்தத்துக்குக்கூட எழுந்து உட்கார்ந்தார்கள்.

இந்தச் சமயத்தில் தில்லைநாயகி ஊருக்குத் திரும்பி வந்தாள். மீன்வள ஆராய்ச்சி நிலையத்து ஜீப்பில் அவள் பல வருஷமாக வந்துபோய்க்கொண்டிருந்தவள்தான், தங்கையின் பிரசவத்துக்காக லீவில் போயிருந்தாள். மீன் இறங்குதளத்தில் ஒரு பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, வெட்டி எறிந்த மீன் தலைகளை வாங்கி, மண்டையைப் பிளந்து, உள்ளே அரிசி அளவுக்கு இருக்கும் காதுக்கல்லை இடுக்கியால் எடுத்து, சின்னச் சின்னக் குப்பிகளில் போட்டுக்கொண்டு போவாள். அதனால் அவளுக்கு ஊரில் காதுக்கல் டாக்டரம்மா என்று பேர். மழைக்காலத்தில் ஆற்றுத் தண்ணீர் வந்து கலந்து கடல் குளிரும்போது மீன் மெதுவாக வளரும், அப்போது அந்தக் கல்லில் ஒரு கருங்கோடு விழும், மரத்தில் வளையம் விழுவதுபோல, அந்தக் கோடுகளை எண்ணினால் மீனின் வயது தெரியும், வயது தெரிந்தால் கடலில் இன்னும் எவ்வளவு மீன் மிச்சம் இருக்கிறது என்று கணக்குப் போடலாம் என்று, அவள் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டே இருந்தாள். "கல்லப் பாத்து ஜாதகம் சொல்றீங்களா மேடம்? அப்படியே என் ஜாதகத்தையும் பாருங்க, சனி எப்ப விலகும்னு" என்று கலியமூர்த்தி எல்லோர் முன்னாலும் அவளைக் கேலி செய்ததும், கூட்டம் கொல்லென்று சிரித்ததும், அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு பேசாமல் ஜீப்பில் ஏறியதும் நடந்திருக்கிறது.

அதே கலியமூர்த்திதான் இப்போது ஒரு கூடை மீனோடு வந்து அவள் முன்னால் குந்தினான்.

"மேடம், இதுங்க ஒவ்வொண்ணும் என்ன சொல்லுச்சுன்னு எனக்குத் தெரியும். நான் சொல்ல மாட்டேன். நீங்க கல்லப் பாத்துச் சொல்லுங்க."

மீன் பேசும் கதையை வந்து இறங்கியதுமே கேட்டிருந்த அவள், ஜீப்பிலிருந்து மைக்ராஸ்கோப்பை இறக்கி வைத்தாள். ஒவ்வொரு தலையாகப் பிளந்து, கல்லைத் தேய்த்து, கண்ணை வைத்துப் பார்த்து, "இது ரெண்டு வயசு. இது மூணு. இதுக்கு இன்னும் ஒரு வயசு ஆகல" என்று சொல்லிக்கொண்டே போனாள். அவன் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தான். கூடை காலியானதும் அவன் ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"ஒண்ணுகூடத் தப்பல மேடம்."

"ஒண்ணுகூடவா?"

"நீங்க இத்தன வருஷமாச் சொன்னது எல்லாம் நெசம். எங்களுக்குத்தான் காது இல்லாமப் போச்சு."

தில்லைநாயகி அன்றைக்கு ஜீப்பில் ஏறி, டிரைவரை டீ குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறோம் என்று அவள் நினைத்தாள். அவள் எழுதிய அறிக்கைகளையும் வரைந்த கோடுகளையும் யாரும் நம்பாத இத்தனை வருஷத்துக்குப் பிறகு, கடலே வாயைத் திறந்து அவள் பக்கம் சாட்சி சொல்லிவிட்டது, இனி என்ன தடை என்று அவளுக்குத் தோன்றியது.

ஊர்ப் பஞ்சாயத்து கூடியது. தலைவர் சிங்காரம் அவளைத் தன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்.

"நீங்க சொல்லுங்கம்மா, நாங்க கேக்குறோம். என்ன பண்ணணும்?"

அவள் எழுந்து நின்றாள். "ஒரு மழை பாத்தாத்தான் மத்தி சினை வைக்கும். சங்கராவும் வஞ்சிரமும் இன்னும் கூட மழை பாக்கணும். உங்க வலையில வர்றதுல பாதிக்கு மேல ஒரு மழைகூடப் பாக்காதது. முட்டையிடுறதுக்கு முன்னாடியே புடிச்சுட்டா அடுத்த வருஷத்து மீன் எங்கேர்ந்து வரும்? வலைக் கண்ணியப் பெருசாக்குங்க, குஞ்சு நழுவிப் போயிடும். சினை மீன் வர்ற இடத்துல அந்த மாசம் வலை போடாதீங்க. ரெண்டு மழை பொறுத்துக்கங்க. என் கணக்கு சரின்னா, அப்புறம் நீங்க கொறஞ்ச நேரத்துல கூட மீன் புடிப்பீங்க."

"சரியா இருக்குமா?" என்று யாரோ கேட்டார்கள்.

"மீனே சொல்லிடுச்சேய்யா, இனிமே என்ன?" என்றான் கலியமூர்த்தி.

அன்றைக்கே ஊர்க் கட்டுப்பாடு ஆனது. அறிவியலுக்குக் கட்டுப்பட்டுத்தான் ஆனது என்று சொல்ல முடியாது, அந்தச் சத்தம் நின்றால் போதும் என்றுதான் பாதிப் பேர் கை தூக்கினார்கள். அகலக் கண்ணி வலைகள் வந்தன. படகுகள் குறைவாகப் பிடித்துக்கொண்டு சீக்கிரம் திரும்பின. ஏலத்தில் செல்லக்கிளியின் குரல் மத்தியானத்துக்கு முன்பே ஓய்ந்தது, பல வீடுகளில் ரேஷன் அரிசியும் ரசமும்தான், ஆனாலும் ஆண்கள் காதிலிருந்த பஞ்சை எடுத்துப் போட்டுவிட்டு, பிள்ளைகள் சத்தம் போட்டால் எரிந்து விழாமல் இருந்தார்கள். ஐப்பசி வந்தது, மழை பெய்தது. கரையில் நின்று நனைந்தபடி, கடலின்மேல் விழும் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார்கள், கல்யாண வீட்டில் தாலி ஏறியதும் பார்த்துக்கொள்வதுபோல.

மழை ஓய்ந்து தை பிறந்து படகுகள் போனபோது, கலியமூர்த்தியின் தளத்தில் கொட்டிய மத்தி முழுவதும், கொழுத்து, முதுகு நீலம் மின்ன, ஒரே குரலாக "ஒரு மழை பார்த்தேன், ஒரு மழை பார்த்தேன்" என்றது. கூட வந்திருந்த தில்லைநாயகி ஒரு மத்தியைக் கையில் எடுத்து அதன் வயிற்றைத் தடவிப் பார்த்தாள். ஆட்கள் விசில் அடித்தார்கள். "மேடம், இன்னும் ஒரு மழ. ஒரே ஒரு மழ பொறுத்தா போதும்" என்று கலியமூர்த்தி கத்தினான், இஞ்சின் சத்தத்துக்கு மேலே.

ஆனால் மீன் சேர்ந்திருக்கும் இடம் வலைக்காரனுக்குத் தெரியாமல் இருக்காது. மாசி முடிவதற்குள் வடக்கேயிருந்தும் தெற்கேயிருந்தும் வெளித்துறைப் படகுகள் வந்தன, பெரிய இஞ்சின்கள், கொசுவலைபோலச் சின்னக் கண்ணி வலைகள், ஒவ்வொன்றிலும் ஸ்பீக்கர். அலையாத்திக்குப்பத்துக்காரர்கள் விட்டுவைத்ததையெல்லாம், சினை மீனும் குஞ்சு மீனுமாக, அவர்கள் வாரினார்கள். கலியமூர்த்தி ஒரு நாள் பொறுக்க மாட்டாமல் தன் படகை அப்படி ஒன்றின் பக்கத்தில் ஒட்டினான். சண்டைக்குத் தயாராகத்தான் போனான். அந்தப் படகின் தளத்தில், பாட்டுச் சத்தத்துக்கு அடியில், தூறல்போல அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஏய், அத நிறுத்துடா! என்ன சொல்லுதுன்னு கேளு!" என்று கத்தினான்.

அந்தப் படகை ஓட்டியவன் இளைஞனும் இல்லை, கிழவனும் இல்லை, இவன் வயதுதான் இருக்கும். பாட்டை நிறுத்தினான். இப்போது இரண்டு படகுக்கும் நடுவில் அந்தச் சத்தம் மட்டும் இருந்தது. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அதைக் கேட்டார்கள்.

"எங்களுக்கும் கேக்குதுண்ணே" என்றான் அவன். "கேக்காமலா பாட்டுப் போடுறோம்?"

கலியமூர்த்தி அந்தத் தளத்தில் குவிந்து கிடந்த குஞ்சுகளைப் பார்த்தான்.

"எங்க பக்கம் ஒண்ணுமே இல்லண்ணே. சுத்தமா இல்ல. நாங்க விட்டா எங்களுக்குப் பின்னாடி வர்றவன் அள்ளிட்டுப் போவான். அவன்கிட்டயும் போய்ச் சொல்லுங்க, அவனும் இதயேதான் சொல்வான்." அவன் பாட்டை மறுபடி போட்டான். போடும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

கலியமூர்த்தி திரும்பி வந்து நடந்ததைச் சொன்னபோது, தில்லைநாயகி வெகுநேரம் குப்பிகளை அடுக்கிக்கொண்டே இருந்தாள். "என் கணக்கு சரிதாண்ணே" என்றாள் கடைசியில். "கடலுக்கு வேலி கிடையாதுங்கிறதுதான் அந்தக் கணக்குல இல்ல."

ஒரு முயற்சி மிச்சம் இருந்தது. அதிகாரிகளின் காதில் போடுவது. செல்போனில் பதியாத குரலை நேரில்தான் கேட்கவைக்க வேண்டும் என்று, ஒரு டிரம்மில் கடல் தண்ணீரும் அதில் உயிரோடு, வெளியே எடுத்துப் பேசவிடாமல் தண்ணீரோடு மொண்ட ஒரு மடவைக் குஞ்சும் விட்டு, தலைவர் சிங்காரமும் கலியமூர்த்தியும் தில்லைநாயகியும் வேன் பிடித்து மீன்வளத் துறை அலுவலகத்துக்குப் போனார்கள். தண்ணீர் தளும்பாமல் இருக்கக் கலியமூர்த்தி வழி முழுக்க டிரம்மைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தான். அதிகாரி நல்ல மனுஷன், காக்க வைக்கவில்லை. மேசைமேல் செய்தித்தாளை விரித்து, வலைத்துண்டால் மீனைத் தண்ணீருக்கு அடியிலேயே சுற்றி வெளியே எடுத்தார்கள். அது செய்தித்தாளின்மேல் துள்ளி, "மழை பார்க்கல" என்றது.

அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "கேட்டுச்சும்மா" என்றார். "நல்லாவே கேட்டுச்சு." எழுந்து போய்ப் பக்கத்து அறையிலிருந்து தன் மேலதிகாரியைக் கூட்டிவந்தார். மீனை அதற்குள் தண்ணீரில் விட்டிருந்தார்கள், மறுபடி வெளியே எடுத்தார்கள். அது வாயைத் திறந்து திறந்து மூடியது. ஒன்றும் சொல்லவில்லை. மேலதிகாரி மரியாதையாகக் கொஞ்ச நேரம் நின்றார், பிறகு ஒரு கூட்டம் இருக்கிறது என்று போய்விட்டார்.

"கண்ணி அளவுக்கு ஒரு சட்டம் கொண்டு வந்தாலே போதும் சார்" என்றாள் தில்லைநாயகி. "இத்தன அளவுக்குக் கீழ இருக்கிற மீனப் புடிக்கக் கூடாதுன்னு."

"அது ஏற்கெனவே இருக்குங்க மேடம்."

"இருக்கா?"

"நீங்க எழுதின ஆராய்ச்சிய வச்சுத்தான் போட்டாங்க. ரொம்ப நல்ல சட்டம்." அவர் மேசையைத் தடவிக்கொண்டார். "பாத்துக்கிறதுக்கு இந்தக் கரை முழுக்க எங்ககிட்ட ஒரு ரோந்துப் படகு. அதுவும் ரிப்பேர். இதுக்கு அப்பால வேற ஆபீஸ், அதுக்கும் அப்பால வேற நாட்டுக் கப்பலுங்க. என்ன செய்யணும்னு சொல்லுங்க, செய்யறேன். நிசமாத்தான் கேக்கறேன்." அவர் நிஜமாகத்தான் கேட்டார். டீ வந்தது. குடித்தார்கள். வரும் வழியில் பாலத்தில் வேனை நிறுத்தச் சொல்லி, தலைவர் சிங்காரம் மடவைக் குஞ்சை உப்பாற்றில் விட்டார்.

அதன்பிறகு ஊர் கலைந்தது என்று சொல்வதைவிட, தளர்ந்தது என்று சொல்ல வேண்டும். கட்டுப்பாட்டை யாரும் எடுத்துப் போடவில்லை. முதலில் ஒரு படகு பழைய வலையை ஏற்றியது, மகள் கல்யாணம் என்றார்கள், யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு இன்னொன்று. கலியமூர்த்தியின் ஆட்கள் ஒவ்வொருவராக, "கோவிச்சுக்காதண்ணே" என்று சொல்லிவிட்டு, பிடிபாடு உள்ள படகுகளுக்குப் போனார்கள். அவன் மைத்துனனை மட்டும் வைத்துக்கொண்டு அகலக் கண்ணி வலையோடு போய் வந்தான், டீசலுக்குக்கூட ஆகாத மீனோடு திரும்பினான். இரண்டாவது மழை வந்தபோது அதைப் பார்க்கக் கரையில் யாரும் போய் நிற்கவில்லை. வைகாசியில் படகுகள் தடைக்காலத்துக்கு ஓய்ந்து கிடக்க, அவனும் கொல்லையில் சுருட்டி வைத்திருந்த சின்னக் கண்ணி வலையை எடுத்து வெயிலில் காயப்போட்டான். செல்லக்கிளி அதைப் பார்த்தாள். கிழிந்திருந்த இடத்தைத் தைக்க நைலான் நரம்பு எடுத்துவந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

தில்லைநாயகி வருவதை நிறுத்தவில்லை. பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, தலைகளைப் பிளந்து, கல்லை எடுத்துக் குப்பியில் போட்டாள். மீனே சொல்லிவிடுகிறதே, இனி எதற்குக் கல் என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. வர வரக் கற்கள் கடுகைவிடச் சின்னதாகி, இடுக்கியில் நிற்காமல் வழுக்கின. கலியமூர்த்தி மட்டும் அவள் கண்ணில் படவே இல்லை.

ஒரு நாள் உச்சி வெயிலில் ஏலம் முடிந்து செல்லக்கிளி அவளிடம் வந்தாள்.

"டாக்டரம்மா, சாப்டீங்களா?"

"கொண்டு வந்திருக்கேன்க்கா. போய்ச் சாப்பிடணும்."

"அத ராத்திரிக்கு வச்சுக்கங்க. வீட்டுக்கு வாங்க. உங்க மூஞ்சியில முழிக்க வெக்கப்பட்டுக்கிட்டு அவுரு ஊரச் சுத்திக் கொல்லைப் பக்கமா வீட்டுக்குப் போய்க்கிட்டிருக்காரு. எத்தன நாளைக்கு இப்படி?"

தில்லைநாயகி கையைக் கழுவிக்கொண்டு அவள் பின்னால் போனாள். கலியமூர்த்தி கூடத்தில் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான், அவளைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனான், செல்லக்கிளி "உக்காருங்க" என்றாள். இன்னொரு தட்டு வந்தது. சோறு விழுந்தது. மாங்காய் போட்ட குழம்பு, புளியும் மிளகாயும் மணக்க, அதில் சுண்டு விரல் அளவுக்கு மத்திக் குஞ்சுகள் மிதந்தன.

"வேற எதுவும் வரலம்மா இன்னைக்கு" என்றாள் செல்லக்கிளி. "இதுதான் இருந்துச்சு."

கலியமூர்த்தி தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான். "மேடம், நான்தான் புடிச்சேன். காலையில இதுங்க சொன்னத நின்னு கேட்டேன். பாட்டெல்லாம் போடல."

"தெரியும்ணே."

"நீங்க சாப்பிடாமப் போனாலும் நான் தப்பா நினைக்க மாட்டேன்."

தில்லைநாயகி தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். காலையில் ஆறு மணிக்குக் கிளம்பியவள், நல்ல பசி. குழம்பைச் சோற்றில் பிசைந்து ஒரு வாய் வைத்தாள். செல்லக்கிளி கரண்டியோடு நின்றுகொண்டே இருந்தாள். குழம்பு ருசியாக இருந்தது, உறைப்பும் புளிப்பும் ஏறி, மீன் வெண்ணெய்போலக் கரைந்தது, அது ருசியாக இருந்ததுதான் தில்லைநாயகிக்குத் தாங்க முடியாததாக இருந்தது. அவள் இன்னொரு வாய் எடுத்தாள். பிறகு தட்டைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தி, "இன்னும் கொஞ்சம் ஊத்துங்கக்கா" என்றாள்.

செல்லக்கிளி மீனாகப் பார்த்து அள்ளி ஊற்றினாள். அப்போதுதான் கலியமூர்த்தியும் சோற்றில் கை வைத்தான். கடற்கரையில் மீன் தின்று வளர்ந்தவர்களின் கை, கண் பார்க்காமலே முள்ளைத் தேடிப் பிடித்து ஓரத்தில் ஒதுக்கிவிடும். தில்லைநாயகியின் விரல்களும் அப்படியே சோற்றுக்குள் முள்ளைத் தேடின, ஒவ்வொரு மீனாக அழுத்திப் பார்த்துத் தேடின. முள் அகப்படவில்லை. இன்னும் முள் முற்றாத வயது அது. ஒதுக்குவதற்கு ஒன்றுமே இல்லாமல், அவள் எல்லாவற்றையும் சாப்பிட்டு முடித்தாள்.